டானியல் அண்ணனின் இரண்டாம் தரம்

சாய்ந்தமருதில் என் துணிக்கடையைத் திறந்து விளக்குமாற்றைக் கையில் எடுத்த நேரம், டானியல் அண்ணனின் மகள் மேரி தொலைபேசியில் அழைத்தாள். "நசீர் மாமா, அப்பா போயிட்டார்" என்றாள். பிறகு அழுகைதான். விளக்குமாற்றைப் பிடித்தபடியே ஓட்டோ ஏறியிருக்கிறேன். கல்முனையில் அவர் வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் அதைக் கண்டேன். அண்ணன் பார்த்திருந்தால் அதற்கும் ஒரு பாட்டு எழுதியிருப்பார்.

அவரை அறிந்தவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. தபால் கந்தோரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்த கோயில், வீட்டில் ஒரு பழைய கிட்டார். ஜாஸ், புளூஸ் என்ற அமெரிக்கப் பாட்டு வகைகளை நம் பேச்சுத் தமிழில் எழுதலாம் என்று எங்கள் கரையில் நம்பிய ஒரே மனிதர். ஆனால் பாட வராது. "என்ட தொண்டைக்கு மீன் விக்கிறதுதான் சரி" என்பார். ஆகவே அவர் எழுதியதையெல்லாம் மற்றவர்கள்தான் பாடினோம்.

சுனாமியில் அவர் மனைவி றோஸ் அக்கா போனார். சில வருடங்கள் கழித்து அண்ணன் அவரை நினைத்து ஒரு பாட்டு எழுதினார். "கதவு திறந்துதான் கிடக்கு, காத்து மட்டும் வருகுது." இதை இரண்டு தரம் பாட வேண்டும். பிறகுதான், "ஊத்தி வச்ச ரெண்டு கோப்பைத் தேத்தண்ணியும் ஆறுது" என்று வரும். புளூஸின் வழமை அது.

"என்ன அண்ணன், சொன்னதையே திருப்பிச் சொல்லுறீங்க?" என்று கேட்டேன்.

"முதல் தரம் ஊருக்குச் சொல்றது தம்பி. ரெண்டாம் தரம் தனக்குச் சொல்றது" என்றார்.

என் மண்டையில் அது ஏறவில்லை. கொழும்பில் நான் அதைப் பாடிப் பதிவு செய்தபோது, பாட்டு நீளுகிறது என்று இரண்டாம் தரத்தை வெட்டிவிட்டேன். பெரிய கெட்டிக்காரன்! பாட்டு எங்கும் பரவியது. பிறகு பாடியவர்கள் எல்லோரும் என் பதிவைக் கேட்டே பழகினார்கள். ஒருவரும் அந்த வரியைத் திருப்பிப் பாடவில்லை. அண்ணனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு கல்யாண வீட்டில் இளைஞர் குழுவொன்று அதைத் துள்ளல் தாளத்தில் பாடியது. மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆடினார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சண்டைக்கு எழுந்த என்னை அண்ணன் சேர்ட்டைப் பிடித்து இழுத்து இருத்தினார்.

"சும்மா இருகா. றோஸுக்குக் கலியாண வீடெண்டா உசிரு. அவளும் ஆடிப்போட்டு வரட்டும்."

போவதற்கு முந்தின மாதம் அவர் படுக்கையில் இருந்தார். இனிமேலும் மறைத்தால் எனக்குத் தூக்கம் வராது என்று தோன்றியது.

"அண்ணன், அந்த ரெண்டாம் தரத்தை வெட்டினது நான்தான். மன்னிச்சிருங்க."

"ஓம், தெரியுமே" என்று சிரித்தார். "ஊருக்குச் சொல்ல வேண்டியத நீ சொல்லிப்போட்டாய். மற்றத நான் வீட்டில சொல்லிக்கிட்டுத்தானே இரிக்கன்."

மேரி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஒவ்வொரு விடியக்காலையும் மாமா. அந்தத் தொண்டையால."

அவர் வீட்டில் அதைச் சொல்ல இனி ஆளில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு வரிதான். எந்த மேடையில் பாடினாலும் இப்போது இரண்டு தரம் பாடுகிறேன். முதல் தரம் நன்றாகவே வருகிறது. இரண்டாம் தரத்தில் இன்னும் குரல் உடைந்துவிடுகிறது, அண்ணன்.