குன்னத்தில் ஒரு கடல் தூண்டில்

உப்புத்தண்ணியிலும் துருப்பிடிக்காத கடல் தூண்டில் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். குன்னத்தில் கடல் ஏது என்று கேட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். லீவு கிடைத்தால் நாகப்பட்டினம் போய்க்கொள்கிறேன், இவர்களுக்கு என்ன?

அதுவரை பழகலாமென்று, மக்காச்சோளம் அறுத்த எங்கள் காட்டில் நின்று வீசினேன். பிளாஸ்டிக் மீன் கட்டிய முள் ரோட்டுப் பக்கம் பறந்து, அப்போது போன டவுன் பஸ்ஸின் பின் ஏணியில் மாட்டிக்கொண்டது. ரீல் வீலென்று அலறியது. தூண்டில் நரம்பு அறுந்தால்தானே! எவ்வளவு பெரிய மீனையும் தாங்கும் என்று போட்டிருந்தது பொய்யில்லை. புதுக் கம்பை விட மனசில்லாமல் பின்னாலேயே ஓடினேன்.

பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து ஏணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் சார், கையக் காட்டுனா நாங்க நிறுத்த மாட்டமா?"