பல்வரிசை பிசகாத பூதம்

பல்லுக்காரர் கல்பூதத்தின் வாய்க்கு நேரே உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்து, கடைவாய்ப் பல்லை ஊசிமுனையால் ஒரு நெருடு நெருடுகிறார். பொம்மைப் பூதம், மொத்தமே கட்டைவிரல் உயரம். அதற்குக் கடைவாய்ப் பல் இருக்கிறதா இல்லையா என்று எந்த மனிதப்பிறவியும் குனிந்து பார்க்கப்போவதில்லை. "ஒருவேளை யாராவது பாத்துட்டா?" என்கிறார். எழுந்த வெள்ளைத் தூளை ஊதிவிட்டு மறுபடியும் கண்ணாடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறார்.

பல் மருத்துவமனை ஒன்றின் பின்பக்க அறையில் பல்செட் செய்வது இவர் வேலை. முன்பக்கம் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி கிடப்பவர்களை இவர் பார்த்ததே இல்லை. அவர்களுடைய ஈறுகளின் அச்சு மட்டும் தட்டில் வந்து சேரும். தெருவில் யாராவது எதிரே வந்தால் முகம் நினைவுக்கு வராது. சிரித்துவிட்டால் போதும், "அட, நம்ம கீழ்வரிசை!" என்று மனசுக்குள் துள்ளிக் குதிப்பார். வெளியே சொல்லமாட்டார். அக்கம்பக்கத்தில் இவருக்குப் பெயர் பல்லுக்காரர். வீட்டுக்குள் 'ஒருவேளை'. இது மனைவியின் அண்ணன் வைத்த பெயர். பூட்டு ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் அவர் கதவைத் தட்டும்போதே, "ஒருவேளை மாப்பிள்ளை இருக்காரா?" என்றுதான் குரல் கொடுப்பார்.

இந்தப் பூதங்கள் உலவும் பலகை விளையாட்டு வந்து சேர்ந்தது ஒரு பழைய சாமான் கடையிலிருந்து. மூலை நைந்த பெட்டி. வீரர்கள் நிலவறைக்குள் இறங்கி, ஒவ்வொரு கதவாகத் திறந்து, உள்ளே ஒளிந்திருக்கும் எலும்புக்கூடுகளோடும் பூதங்களோடும் பகடை உருட்டிச் சண்டை போட்டு, புதையலோடு உயிர் பிழைத்து வெளியே வரவேண்டும். பெட்டியிலிருந்த நிலவறைகள் ஒரு மழைக்காலத்திலேயே தீர்ந்துபோயின. விசாரித்தால், அதைத் தயாரித்த கம்பெனி விளையாட்டையே நிறுத்தி வருஷக்கணக்காகிறதாம். பல்லுக்காரர் அசரவில்லை. "இனிமே யாரும் தரமாட்டாங்கன்னா நாமளே தோண்டிக்க வேண்டியதுதான்."

அன்று தோண்ட ஆரம்பித்தவர் இன்னும் மேலே வரவில்லை. பல் அச்சுக்குக் கலக்கும் மாவில் மிச்சமாவதை வீட்டுக்கு எடுத்துவந்து ரப்பர் அச்சில் ஊற்றினால் பூதம். பார்சலோடு வரும் தெர்மோகோலில் கசக்கிய அலுமினியத் தாளை உருட்டி அழுத்தினால் கருங்கல் சுவர். ஐஸ் குச்சி, கதவு. எல்லாவற்றுக்கும் கறுப்புப் பூசி, சாயம் ஏறக்குறைய வற்றிப்போன தூரிகையால் மேலாக வெள்ளையைத் தடவினால் கல்லுக்கு நூறு வயது கூடிவிடும். செய்ததையெல்லாம் படமெடுத்து, ஆட்டத்தில் புரட்டவேண்டிய விதி அட்டைகளை வரைந்து, இவரைப் போலவே கிறுக்குப் பிடித்தவர்கள் கூடும் இணையதளம் ஒன்றில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகப் போட்டுவிடுவார். எங்கோ பனிகொட்டும் ஊரிலிருந்து ஒருவர், 'எல்லாம் அருமை. ஆனால் உங்கள் பூதங்களுக்கு மட்டும் ஏன் பல்வரிசை இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது?' என்று கேட்டு எழுதியிருந்தார். இரண்டு நாள் யோசித்து, 'நன்றி' என்று மட்டும் பதில் போட்டார்.

விதிகள் எழுதுவதில்தான் மனிதருக்கு உயிரே போகும். ஒருவேளை வீரர் கதவின் நடுவில் நின்றால்? ஒருவேளை இரண்டு பேரும் ஒரே பெட்டியைத் திறந்தால்? ஒருவேளை பகடை மேசைக்குக் கீழே உருண்டு, சரியான எண்ணும் விழுந்து, அதைப் பூனை தட்டிவிட்டால்? வீட்டில் பூனை கிடையாது. இருந்தாலும் விதி உண்டு. ஒவ்வொரு அட்டையிலும் எறும்பு ஊர்ந்த மாதிரி விளக்கம் ஓடும்.

"இத வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள பூதமே தூங்கிடும்ங்க. சுருக்கமா எழுதுனா கை வலிக்குமா?" என்று மனைவி ஒருநாள் அலுத்துக்கொண்டார்.

மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறார். விடியுமுன் வண்டியை எடுத்து, உச்சிவேளையில் திரும்பி வந்து படுப்பார். படுக்கையறை சாலையைப் பார்த்தது. வாசல் வழியாக ஒவ்வொரு பேருந்து போகும்போதும், தூக்கத்திலேயே அவர் வலது கால் பிரேக்கை அழுத்தும். சத்தம் நுழையாத பின்னறை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதில் கட்டில் போட இடமில்லை. நிலவறைகள் குடியிருக்கின்றன.

கேட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். "ஒருவேளை அலமாரியில வெச்சா கோபுரம் சாஞ்சுடும்" என்று இவர் மழுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் மனைவி ஒரு பந்தயம் கட்டினார். விளையாட்டில் அவருடைய ஆள் கோடாலிக்காரி. முதல் நிலவறையிலிருந்து இன்றுவரை சாகாதவள்.

"அடுத்து நீங்க தோண்டுற நிலவறையில இருந்து என் கோடாலிக்காரி உயிரோட வெளிய வந்தா பின்னறை எனக்கு. செத்தான்னா, ஜென்மத்துக்கும் கேக்கமாட்டேன்."

"ஒருவேளை..."

"ஒருவேளையும் இல்ல, ரெண்டு வேளையும் இல்ல. சரியா, இல்லையா?"

சரி என்றார். அதன் பிறகுதான் கல்பூதம் பிறந்தது. கையில் தடியும், முப்பத்திரண்டு பல்லும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சானும் வந்து சேர, மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நிலவறைக்கும் அதிலுள்ள ஜீவராசிகளுக்கும் பல்லுக்காரர் பொறுப்பு. மச்சானின் ஆள் ஒரு திருடன். கதவு வரும்போதெல்லாம், "இதெல்லாம் ஒரு பூட்டா மாப்பிள்ளை? என் கடையில சின்னப்புள்ள திறக்கும்" என்று தொழில்முறையில் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது அறையில் சிலந்தி அவரைச் சாப்பிட்டுவிட்டது. "பூட்டத்தான் பாத்தேன், பூச்சியப் பாக்கல" என்று கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கலானார்.

கோடாலிக்காரி தனியாக வெட்டிக்கொண்டு முன்னேறினாள். புதையல் அவள் கையில். உயிர் இரண்டே பாக்கி. வெளிவாசல் மூன்று கட்டம் தள்ளி. அந்த முறைக்கான நகர்வு முடிந்துபோயிற்று. விதிப்படி பல்லுக்காரர் அட்டைக்கட்டின் மேலிருந்த அட்டையைப் புரட்டினார்.

'கல்பூதம் விழித்துக்கொண்டது. புதையல் வைத்திருப்பவருக்கு மூன்று அடி.'

அவ்வளவுதான். விளக்கம் இல்லை. பூனை இல்லை. மனைவியின் பேச்சைக் கேட்டுச் சுருக்கமாக எழுதிய ஒரே அட்டை அதுதான்.

"முடிஞ்சது. மூணு அடி விழுந்தா ரெண்டு உயிர் எங்க தாங்கும்? தங்கச்சி, கோடாலிக்காரிய எடுத்துப் பெட்டிக்குள்ள வை" என்றார் மச்சான்.

"எதுக்கு? மூணு அடி நடக்கலாம்னு போட்டிருக்கு. சரியா மூணு கட்டம். நான் வெளிய போறேன்."

"நடக்குறதுக்கெல்லாம் மாப்பிள்ளை கட்டம்னுதான எழுதுவாரு?"

"போன நிலவறையில 'பாலத்தில் ஓரடி எடுத்து வை'ன்னு எழுதல? அதுக்கு மட்டும் பாலமா உன்ன அடிச்சுது?"

"அது சரி. கையில தடியோட நிக்குற பூதம் வழியா காட்டும்?"

"வயசான பூதம்ண்ணா. ஊன்றுகோலா இருக்கும். மூஞ்சியப் பாரு, எவ்வளவு லட்சணமா சிரிக்குது. நல்ல பூதம்."

"அது சிரிப்பில்ல, உறுமல்!" என்று பல்லுக்காரர் பதறிப்போனார்.

"இவ்வளவு அழகா பல்லு கட்டிவிட்டா உறுமுனாலும் சிரிப்பாத்தான் தெரியும்."

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், "எழுதுனவரு இங்கதான இருக்காரு. மாப்பிள்ளை, நீங்க என்ன நெனச்சு எழுதுனீங்க?" என்றார்.

என்ன நினைத்து எழுதினார் என்பதில் பல்லுக்காரருக்குச் சந்தேகமே இல்லை. தடியால் மூன்று போடு. அந்தத் தடியைச் செதுக்கி முடித்த கையோடுதான் அட்டையை எழுதினார். மண்டையில் ஒன்று, தோளில் ஒன்று, விழுந்தபிறகு ஒன்று. வாயைத் திறந்து சொன்னால் போதும், பின்னறை காலத்துக்கும் அவருடையது. அலமாரி வேண்டாம், கோபுரம் சாயாது.

சாலையில் ஒரு பேருந்து கியர் மாற்றிக்கொண்டு போயிற்று. மேசைக்கடியில் மனைவியின் வலது கால் தரையை அழுத்தியது. அது அவருக்கே தெரியவில்லை. அண்ணனை முறைப்பதில் மும்முரமாக இருந்தார். பல்லுக்காரர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருவேளை..." என்று தொடங்கினார். இருவரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

பல்லுக்காரர் மேசைமேல் குனிந்தார். ஈறில் பல்லைப் பதிக்கிற பதத்தோடு கோடாலிக்காரியின் தலையை இரண்டு விரலால் பிடித்தார். டக். டக். டக். வாசலுக்கு வெளியே வைத்தார்.

"ஐயோ மாப்பிள்ளை, இது அழுகுணி ஆட்டம்!" என்று மச்சான் எழுந்தே விட்டார். மனைவி வெற்றிக் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னறைப் பக்கம் ஓடினார், கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்று பார்க்க.

பல்லுக்காரர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிலவறையை இணையதளத்தில் ஏற்றவேண்டியது இன்று மாலை. ஒருவேளை யாராவது கேட்டுவிட்டால்? கல்பூதத்தைக் கையில் எடுத்தார். உருப்பெருக்கிக் கண்ணாடியை மூக்குக்கு நேரே இழுத்துக்கொண்டு, பல்லைத் தேய்க்கும் சின்ன அரத்தால் அதன் தடியைப் பக்குவமாகத் தேய்த்து, ஊன்றுகோலாக மெலிய வைக்க ஆரம்பித்தார்.