குரூட் ஆயில் லாரியும் சூசையின் மடையும்

டிரைவர் வேலையில் கெட்ட பெயர் வாங்க வண்டியை எங்கும் மோத வேண்டியதில்லை. முதலாளி ஒரு புது எஞ்ஜின் வாங்கினால் போதும். இந்தத் தொழிலில் காலம் தள்ளும் உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எஞ்ஜின் வந்தது

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. கடைவீதிக்கு வேண்டிய சரக்கெல்லாம் அரியலூர் ஸ்டேஷனில் இறங்கும். அதை என் முதலாளி ராவுத்தரின் சின்ன லாரியில் ஏற்றிவருவதும், போகும்போது வெங்காயம், முட்டை, கொத்தமல்லி என்று ரயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் என் வேலை. சின்ன லாரி என்றால் நிஜமாகவே சின்னதுதான். காருக்கு முதுகில் பெட்டி கட்டிவிட்டது போல இருக்கும்.

யுத்தம் முடிந்தும் பெட்ரோல் ரேஷன் கூப்பன் எங்களை விடவில்லை. ராவுத்தர் திருச்சிக்குப் போய், பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் ஒரு டீசல் எஞ்ஜினைப் பிடித்துவந்தார். குரூட் ஆயில் எஞ்ஜின் என்றுதான் அப்போது சொல்வோம். பழைய பெட்ரோல் எஞ்ஜினைச் சாக்கில் சுற்றி மூலையில் வைத்துவிட்டு இதை வண்டியில் பூட்டினார்கள். பெரிய லாரி, தூரத்து ஓட்டம் என்றால் இது சரி, நமக்கு மைல்கல்லுக்கு மைல்கல் நின்று போகிற பிழைப்பாயிற்றே என்று சொல்லிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "தை பொறக்கிற வரைக்கும் ஓட்டிப் பாருங்க. சரிப்படலேன்னா எஞ்ஜினைக் குன்னத்துல இருக்கிற நம்ம கிணத்துல மாட்டிட்டு வண்டியை வித்துடுவோம். அல்லாஹ் விட்ட வழி" என்றார்.

தண்ணீர் வராத மடை

வண்டி போனால் என் வேலையும் போச்சு. ஆகவே அந்த எஞ்ஜினை மாமியாரைப் போல மரியாதையாக நடத்தினேன். அணைத்துவிட்டால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. குளிர்நாளில் துணியைக் கொளுத்தி, காற்று இழுக்கும் அதன் மூக்கருகே பிடிக்க வேண்டும். அதனால் சரக்கு ஏற்றும்போதுகூட அணைக்க மாட்டேன். அது பாட்டுக்குத் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும்.

குன்னத்தில் ராவுத்தர் கிணற்றுக்கு அடுத்தாற்போல் சூசையின் வெங்காயக் கொல்லை. அவருக்குத் தண்ணீர் தந்தது மறுபக்கத்து மிராசுதாரின் கிணறு. அதில் ஒரு ஆயில் எஞ்ஜின் உண்டு, எங்களுடையதைப் போலவே தடதடக்கும். முறை வைத்து இறைப்பார்கள். சத்தம் கேட்டதும் யார் முறையோ அவர் ஓடிப்போய் மடை திறக்க வேண்டும். ஒருநாள் நான் அந்தக் கொல்லைக்கு எதிரே ரோட்டோரம் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். சூசை சோற்றுக் கையோடு ஓடினார், மண்வெட்டியால் மடையை வெட்டிவிட்டார், காய்ந்த வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சத்தம் வந்த திக்கில் மெல்ல நடந்து வந்து, நடுங்கிக்கொண்டிருந்த பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். கோபமே இல்லை. "சத்தம் இருக்குதுங்க, தண்ணிதான் இல்ல" என்றார்.

வாயுத் தொல்லை

டீசல் குழாயில் காற்று புகுந்துவிட்டால் வண்டி நகராது. நட்டைத் தளர்த்தி, காற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். எங்கள் பாஷையில் இதற்கு 'ஏர் புடிச்சிருச்சு' என்று பெயர். முட்டை வியாபாரம் செய்யும் மரியம்மா அக்கா கூடைகளோடு ரயிலுக்குப் போக ஏறிய அன்றைக்குத்தானா அது பிடிக்க வேண்டும்?

"என்னா தம்பி, நின்னுட்ட?"

"காத்து புடிச்சிருச்சுக்கா."

"வாயுவா? பெருங்காயத்தைக் கரைச்சு ஊத்தேன்."

சிரிப்பு வந்தாலும் சிரிக்கிற நிலையில் நான் இல்லை. ஒருவழியாகக் கிளப்பி அரியலூர் எல்லையைத் தொடும்போது ரயில் ஊதிவிட்டுப் போயிற்று. வைக்கோலுக்கு நடுவில் இருந்தும், எஞ்ஜின் நடுக்கத்தில் பாதி முட்டை விரிசல் விட்டிருந்தது. அக்கா ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த தடவ நான் பெருங்காயம் எடுத்தாரேன். நீ ரயிலைப் புடிச்சு நிப்பாட்டி வை."

நல்ல மாடு

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஐப்பசி மழையில் ஒரு கல்தச்சர் அம்மியும் ஆட்டுக்கல்லுமாக வண்டி கொள்ளாமல் ஏற்றிவிட்டார். ஓடையில் பஸ்ஸே சிக்கிக்கொண்டு நின்றது. எங்கள் எஞ்ஜின் மூச்சு வாங்கவில்லை. அதே தடதடப்போடு, சேற்றைக் கிழித்துக்கொண்டு அக்கரை ஏறியது. பஸ்ஸிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலை தப்பியது என்றே நினைத்தேன்.

அக்கரையில் பட்டென்று ஒரு சத்தம். ஸ்பிரிங் பட்டை முறிந்து வண்டி ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. எஞ்ஜின் மட்டும் ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது. கல்தச்சர் கீழே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மாடு நல்ல மாடுதாங்க. நுகத்தடிதான் பத்தல."

தை பிறந்தது

ராவுத்தர் சொன்ன சொல் தவறாதவர். பழைய எஞ்ஜினை மறுபடி பூட்டி, வண்டியைத் திருச்சி ஜவுளிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். நான்தான் ஓட்டிப்போய் விட்டுவந்தேன். சாவி போட்டதும் பூனை போல எழுந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

"நாளையிலேர்ந்து வேற இடம் பாக்கணுமுங்களா?" என்று ராவுத்தரிடம் கேட்டேன். "எதுக்கு? வண்டியை எவனும் ஓட்டுவான். அந்த ஷைத்தானைக் கிளப்ப உங்களை விட்டா யாரு இருக்கா?" என்றார். ஆக, எஞ்ஜினோடு நானும் குன்னத்துக் கிணற்றுக்குப் போனேன்.

முதல்நாள் காலை துணியைக் கொளுத்திப் பிடித்தேன். தடதடவென்று கிளம்பியது, தொட்டி நிறையத் தண்ணீர் கொட்டியது. அதே சமயம் சூசை தலையில் வெங்காய மூட்டையோடு ரோட்டுக்கு ஓடுவது தெரிந்தது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு சத்தம் வந்த திக்கில் நடந்து வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "தண்ணி இருக்குதுங்க. வண்டியைத்தான் காணோம்."

சின்ன லாரிக்கு டீசல் எஞ்ஜின் சரிப்படுமா என்று இப்போதும் யாராவது கேட்டால், பேஷாகச் சரிப்படும், லாரி மட்டும் இல்லாமல் இருந்தால் என்று சொல்லிவிட்டு அரியலூர் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன்.