84-ஆவது வரியில் கோமதி கேட்டது

கோமதி இறந்துவிட்டார். இன்று காலை, துடியலூர் வீட்டில்... மாரடைப்பு.

பீளமேடு ஆபீசில் ஏழு வருடமாக எனக்குப் பக்கத்து சீட். நான் எழுதும் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் சரிபார்த்து ரிவியூ செய்தவர். பாதியைத் திருப்பி அனுப்பியவரும் அவர்தான்.

ஆரம்பத்தில் எங்களிடம் ரிவியூ எல்லாம் கிடையாது. பெருந்துறையில் ஒரு சாயப் பட்டறைக்கு, கலர் கலவைக் குறிப்புகளை நகல் எடுக்கும் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். டிஸ்க் நிறைந்துபோய் மூன்று வாரமாக நகலே எடுக்கவில்லை.

ஸ்கிரிப்டில் நகல் எடுக்கும் வேலையைச் செய்யும் பகுதி, அந்த ஃபங்ஷன், ஒவ்வொரு முறையும் 'ஆகவில்லை' என்று பதில் தந்திருக்கிறது. நான் அதை வாங்கியே பார்க்காமல், திரையில் 'முடிந்தது' என்று காட்டியிருக்கிறேன். கம்ப்யூட்டர் படுத்த பிறகுதான் தெரிந்தது.

"ஏனுங்க, முடிஞ்சுதுன்னு நீங்கதானுங்களே காட்டுனீங்க?" என்று கேட்டார் டையிங் மாஸ்டர். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கோமதிக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் என்னோடு பஸ் ஏறி வந்தார். இரண்டு நாள் மாஸ்டர் சொல்லச் சொல்ல அத்தனை குறிப்பையும் டைப் செய்தார்.

திரும்பும்போது ஒன்றுதான் சொன்னார். "அது ஆகலைன்னு சொல்லிருக்குதுங்க செந்தில். நாமதான் காது குடுக்கலை."

அதற்குப் பிறகுதான் ரிவியூவும், அவருடைய இந்தப் பிடிவாதமும். எந்த ஃபங்ஷன் தரும் பதிலையும் வாங்காமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. அந்தப் பதில் தேவையில்லை என்றால் '_' என்ற அண்டர்ஸ்கோர் குறியில் வாங்கிப் போட்டுவிட்டு, பக்கத்தில் காரணமும் பெயரும் எழுத வேண்டும்.

'அண்டர்ஸ்கோர் அம்மணி' என்று கிண்டல் செய்வோம். ஒருமுறை கடுப்பில் 'நேரமில்லை - செந்தில்' என்று எழுதி வைத்தேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். "உண்மையச் சொல்லிப்போட்டீங்க. ஆனா உடமாட்டனுங்க." திருப்பி அனுப்பிவிட்டார்.

போன திங்கட்கிழமை, நகல் எடுக்கும் என் புது ஸ்கிரிப்டில் 84-ஆவது வரிக்கு அவரிடமிருந்து ஒரு கமெண்ட். "இது என்ன பதில் தருதுன்னு பாத்தீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. நாலு நாளாகப் பதிலே போடவில்லை.

இன்று மதியம் டீம் லீட் கூப்பிட்டார். "கேட்டவங்களே இல்லீங்களே செந்தில். அந்தக் கமெண்ட்ட க்ளோஸ் பண்ணிப்போட்டு ஸ்கிரிப்ட்ட ரிலீஸ் பண்ணிருங்க."

"முடியாதுங்க. பாத்துட்டுத்தான்" என்றேன்.

டிஸ்க்கை வேண்டுமென்றே நிரப்பி ஓட்டிப் பார்த்தேன். நகல் ஆகவில்லை என்றுதான் பதில் வருகிறது. நான் எழுதிய அடுத்த வரி பழைய ஃபைலை அழித்துவிடுகிறது. அதே தப்பு... இந்த முறை ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

திருத்திவிட்டேன். அவர் கமெண்டுக்குக் கீழே எழுதினேன்: "இப்பத்தான் பாத்தேனுங்க கோமதி. நீங்க கேட்டது சரி."

எங்கள் டீமில் கேள்வி கேட்டவர்தான் அதை மூட வேண்டும். இது திறந்தே கிடக்கும். நான் இருக்கும்வரை யாரையும் மூட விடமாட்டேன்.

போயிட்டு வாங்க, கோமதி.