எண்பத்தேழு சென்டிமீட்டர்

பிப்ரவரி 11: 90 செ.மீ.
மார்ச் 6: 87 செ.மீ.
ஏப்ரல் 2: 87 செ.மீ.
மே 9: 90.2 செ.மீ.

நான்கும் ஒரே மாடிப்படிக் கைப்பிடியின் உயரங்கள். இரும்பு தேயவில்லை, படிகள்தான் வளர்ந்தன. வளர்த்தவர் என் மனைவியின் தம்பி.

அவர் வெல்டர். முப்பத்தோரு வருடத்தில் 412 மாடிப்படிகளுக்குக் கைப்பிடி வைத்திருக்கிறார். எண்ணியது நான், அவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. யார் வீட்டுக்குப் போனாலும் நலம் விசாரிக்குமுன் கைப்பிடியை உலுக்கிப் பார்ப்பார். ஒரு கல்யாணத்தில் வாழ்த்தப் போனவர் மேடைப் படியிலேயே நின்றுவிட்டார். "ஆடுது அத்தான்! இதுல போய் பொண்ணு மாப்பிள்ளைய ஏத்திருக்காங்களே!"

அவர் மகள் ஒரு கட்டடத்தின் மாடியில் குழந்தைகள் காப்பகம் தொடங்க இருந்தாள். ஜூன் முதல் தேதி திறப்பு. பதினான்கு குழந்தைகள் பதிவாகியிருந்தார்கள். அதற்குள் நகராட்சி அனுமதி வராவிட்டால் அத்தனை பேரும் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். விதி இதுதான்: படியின் விளிம்பிலிருந்து கைப்பிடி 90 செ.மீ.க்குக் குறையக்கூடாது, கம்பிகளுக்கு நடுவே பத்து செ.மீ. பந்து நுழையக்கூடாது.

வெறும் சிமெண்டுப் படியில் மைத்துனர் கச்சிதமாக 90 வைத்தார். வேலை முடிந்த சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மகளுக்குச் சொல்லாமல் பதினேழு படிகளுக்கும் மூன்று செ.மீ. கனத்தில் கல் பதித்துவிட்டார். பார்த்ததும் அவள் மகிழ்ச்சியில் குதித்தாள். நான் அளந்தேன்.

"மச்சான், எண்பத்தேழுதான் வருது."

"உங்க டேப்புக்கு வயசாயிடுச்சு அத்தான்."

ஏப்ரல் 2 அன்று ஆய்வுக்கு வந்த பெண் அதிகாரி மஞ்சள் பந்தோடு வந்தார். பந்து எங்கும் நுழையவில்லை. பிறகு டேப்பை நீட்டினார்.

"மூணு குறையுதே."

"ரெண்டு விரல்தானே மேடம்!"

"அப்ப ரெண்டு விரல் ஏத்திடுங்க."

அந்த நேரம் பார்த்துப் பந்து அவர் கையிலிருந்து நழுவியது. பந்து முன்னே, அதிகாரி பின்னே, அவருக்குப் பின்னே மைத்துனர், கடைசியில் ஃபைலோடு நான். ஏழாம் படியில் அதிகாரிக்குக் கால் வழுக்க, கைப்பிடியைப் பற்றித் தொங்கினார். அது அசையவே இல்லை.

"பாத்தீங்களா! ஆடலியே!" என்று கூவிவிட்டுத்தான் மைத்துனர் அவரைத் தூக்கினார்.

"ஆடல. ஆனா குட்டை," என்றார் அதிகாரி, மூச்சு வாங்கிக்கொண்டே.

ஏப்ரல் 10 அன்று மறுப்புக் கடிதம் வந்தது.

"கல்லைப் பேத்துடலாம்பா," என்றாள் மகள்.

"கல்லு மேல கை வச்சா பாரு!" என்றவர் நாலு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார். மே 8 அன்று ஒரு தாய் போன் செய்து, வேறு காப்பகம் பார்க்கட்டுமா என்று கேட்டாள். மகள் போனை அப்படியே அப்பாவிடம் நீட்டினாள். மறுநாள் விடிந்ததும் மைத்துனர் வெல்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

கைப்பிடியின் பதினோரு இரும்புக் கால்களையும் கல்லுக்கு மேலே அறுத்து, நடுவே 3.2 செ.மீ. துண்டு வைத்து ஒட்ட வேண்டும். அதுவரை மொத்தக் கைப்பிடியையும் தூக்கிப் பிடித்தது நானும் மனைவியும் மகளும் அவள் கணவனும்.

"யாரும் மூச்சு விடக்கூடாது!"

மாப்பிள்ளை தும்மினார். என் மனைவி சிரித்தாள். சிரிப்பு இரும்பு வழியாக எல்லோருக்கும் ஏறியது.

"அக்கா, சிரிக்காதே! அளவு ஓடிடும்!" என்று கத்தியவரும் முகமூடிக்குள் சிரித்துச் சிரித்துக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எதுக்கு மச்சான் ரெண்டு மில்லி கூட?"

"மேடம் டேப்புக்கும் வயசாயிருக்கும்ல?"

பதினேழு படியிலும் அளந்தேன். எல்லாம் 90.2.

மே 20 அன்று அதிகாரி மறுபடி வந்தார். அளந்தார், உலுக்கினார், எழுதிக்கொண்டார், முடிவு தபாலில் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மைத்துனர் தெருமுனையில் நின்று தபால்காரரை மறித்தார். ஐந்தாம் நாள் தபால்காரர் பாதையையே மாற்றிக்கொண்டார்.

அனுமதிக் கடிதம் வந்த தேதி: மே 28.