கிச்சாப் போத்தலில் ஊற்றிய திராவகம்

சர்க்யூட் பலகையில் வேண்டாத செம்பைக் கரைக்க, வீட்டில் ஃபெரிக் குளோரைடு திராவகம் வைத்திருந்தேன். பதினேழு பலகைகள் செய்தும் அதைக் கொட்ட மனமில்லை. இன்னும் நான்குக்காவது வரும் என்று, கறுத்துப்போன அதைக் கறுப்புச் சோயாச் சாறு வந்த காலி கிச்சாப் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைத்தேன்.

மறுநாள் மனைவி கத்தினாள். "என்னங்க, மீகூன்ல கிச்சாப் ஊத்தினேன், அலுமினியச் சட்டியே பொங்குதுலா!"

ஓடினேன். துருவும் செம்பும் கலந்த சேறு மீகூனின் அரிசிச் சேமியாவுக்குள் நுரைத்துக்கொண்டிருந்தது.

"வாயில வச்சியா?"

"இன்னும் இல்ல, உப்புப் பார்க்கத்தான் கரண்டிய எடுத்தேன்."

சட்டியைப் பிடுங்கி உண்மையைச் சொன்னேன்.

"பலகைய எண்ணத் தெரிஞ்சது, வீட்டுல ரெண்டு பேர் இருக்கோம்னு எண்ணத் தெரியலயா?" என்றாள்.

இன்றும் மீகூனைப் பார்த்தால் குமட்டுகிறது. அருவருப்பு மீகூன் மேல் இல்லை.