சகலை போட்ட பூட்டு

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வெளி ஆய்வாளர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் உள்ளே தொங்காவிட்டால் எட்டாவது மாடிக்கும் படியேறித்தான் போவார். வேலையில்லாமல் ஒரு வீட்டில் சும்மா உட்காரத் தெரியாது. கையில் ஸ்பேனர் இருந்தால் பேச்சு வரும், இல்லையென்றால் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

இவருடைய சகலை, அதாவது என் தங்கையின் கணவர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். எப்போதும் சிரித்த முகம். அந்த முகத்தைக் கண்டாலே இவருக்கு வயிறு எரியும். எனக்கும்தான், மறைப்பானேன்? தனியாக இருக்கும் என் அம்மா போனை எடுத்தால் மூச்சுக்கு மூச்சு "சின்ன மாப்ள, சின்ன மாப்ள"தான். "பெரிய மாப்ள" என்று அவள் வாயிலிருந்து ஒருமுறை வந்துவிடாதா என்று இவர் ஏங்கிக் கிடந்தார்.

இரண்டு மாப்பிள்ளைகளும் அவரவர் வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரை மீடியா சர்வராக மாற்றி, சினிமாக்களையும் குடும்ப வீடியோக்களையும் ஏற்றியிருந்தார்கள். அம்மா தன் வீட்டிலிருந்தே போனில் பார்க்கலாம். போய்ச் சேர்ந்த என் அப்பாவின் வீடியோக்கள் இரண்டிலும் உண்டு. ஆனால் இவருடையதைத் திறந்தால் 'பாதுகாப்பற்றது' என்று போன் எச்சரிக்கும். சகலையுடையதில் லட்சணமாக ஒரு பூட்டுப் படம்.

"உன் வீட்டுக்காரரோடத தொறந்தா போன் திட்டுதுடி. பயமா இருக்கு," என்றாள் அம்மா.

அதிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தபோது போனை வாங்கி அந்தப் பூட்டைத் தட்டிப் பார்த்தார். சர்வர் நம்பகமானது என்று சொல்லும் சான்றிதழ் விரிந்தது; வழங்கியவர் என்ற இடத்தில் சகலையின் பெயரே இருந்தது.

"தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்கான் பாரு!" என்று அடுப்படிக்கு ஓடி வந்தார். "இவன் லிஃப்ட்ட இவனே செக் பண்ணி இவனே பாஸ் போடுவானா?"

அப்படிப்பட்ட சான்றிதழைப் போன் தானாக நம்பாதாம். ஒவ்வொரு போனிலும் கையால் ஏற்றினால்தான் பூட்டு வரும். சில மாதத்தில் அது காலாவதியானால் மறுபடி ஏற்ற வேண்டும். அதற்குத்தான் சகலை அம்மா வீட்டுக்கு நடையாக நடந்திருக்கிறார்.

இவர் முறைப்படி இறங்கினார். இணையத்தில் சொந்த முகவரி பதிவு செய்தார், ரௌட்டரில் வழி திறந்தார், சர்வருக்கு முன்னால் வாட்ச்மேன் மாதிரி ஒரு மென்பொருளை நிறுத்தினார். முகவரி இவருடையதுதானா என்று வெளி நிறுவனம் ஒன்று சோதித்துச் சான்றிதழ் தரும். காலாவதியாகுமுன் அந்த வாட்ச்மேனே புதியதை வாங்கிவிடும். இத்தனைக்கும் நடுவில் எங்கள் வீட்டில் நெட் வருவதும் போவதுமாக இருந்தது. கேட்டால் என்மேல் எரிந்து விழுந்தார். "தங்கச்சி வீட்ல இந்தக் கூத்தெல்லாம் இல்ல," என்று நானும் ஒரு போடு போட்டேன்.

ஒருவழியாகப் பூட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போனோம். போன் திட்டவில்லை. வீடியோவில் அப்பா சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

"இனிமே யாரும் வந்து எதையும் ஏத்த வேண்டியதில்ல அத்தை, தானா புதுப்பிச்சுக்கும்," என்றார் இவர், முகமெல்லாம் பல்லாக. "சின்னவர் போட்டத அழிச்சிடட்டுமா?"

அம்மா போனை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

"ஐயோ, அழிச்சிடாதீங்க மாப்ள. அது போயிட்டா அவர் எதுக்கு வருவாரு? ரெண்டு நிமிஷ வேலைதான். ஆனா வந்தா ஒரு மணி நேரம் உக்காந்து பேசிட்டுப் போவாரு."

பிறகு, மனசு கேட்காமல், "உங்களோடதும் நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

பெற்ற மகள் நான் உட்கார வேண்டிய நாற்காலியில் தங்கை புருஷன் உட்கார்ந்திருக்கிறார். பொறாமையில் எனக்கு அம்மா கொடுத்த காபி கசந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பாதி வழியில், "அந்தத் தானா புதுப்பிக்கறத நிறுத்திடலாம்னு பாக்கறேன்," என்றார்.

"ஏங்க? இவ்வளவு பாடுபட்டுட்டு?"

"காலாவதியானா போன் மறுபடி திட்டும். கூப்பிடுவாங்கல்ல."

"அத நம்ம வீட்ல உக்காந்தே சரி பண்ணிடலாமே. அம்மா போன்ல செய்ய ஒண்ணும் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அத்தைக்குத் தெரியவா போகுது?"